வரேன்க்கா

ஜனவரி 12

சாமி துணை.

என் அருமைத் தங்கச்சி பொடிசுக்கு,

அக்கா எழுதறேன். மூட்டு வலி தேவலையா? தைலத்தைப் பூ மாதிரி தடவாதே, சூடு பறக்கத் தேய். நான் கடவுள் புண்ணியத்துல கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். பிரஷர் மாத்திரை மட்டும் சில நாள் மறந்துடும். திட்டாதே. உனக்கு மகன் ஆளாகி, அவனுக்கும் கல்யாணம் ஆயாச்சு, இன்னும் என்ன பொடிசுன்னு கேக்காதே. பல்லெல்லாம் கொட்டி நின்னாலும் நீ எனக்குப் பொடிசுதான்.

போன் இருக்கும்போது என்ன லெட்டர்னு ஊசி கேலி பண்றா. ஊசிதான் தெரியுமே, என்கூட வேலை பாக்கறவ. உடம்பும் ஊசி, நாக்கும் ஊசி. போன்ல பேசினா வச்ச உடனே என்ன பேசினோம்னு ரெண்டு பேருக்கும் மறந்துபோகுது. பேப்பர்ல இருந்தா நாலு வாட்டி படிக்கலாம். நீ எழுதறதை நான் ஒரு எழுத்து விடாம படிக்கறவ.

இங்க ஒரு சேதி. எங்க தையல் ரூமுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. ஆஸ்பத்திரில வேலைன்னா சனங்க நர்ஸுன்னு நினைச்சுக்குதுங்க. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் கவுன், பொறந்த பிள்ளையைச் சுத்தற துணி, இதெல்லாம் வானத்துலேர்ந்தா விழுது? மூணு மெஷின், மூணு பொம்பளைங்க. ஒருத்திக்குக் கண்ணு மங்கி நின்னுட்டா. அந்த எடத்துக்குத்தான் இவ. நான் காத்தாடின்னு பேர் வச்சிருக்கேன். நின்ன எடத்துல நிக்க மாட்டா.

இந்த ஆஸ்பத்திரில பெரிய டாக்டர்லேர்ந்து வாசல் பெருக்கறவர் வரைக்கும் என்னைத் தையலம்மாங்கறாங்க. இவ வந்த அன்னைக்கே "அக்கா"ங்கறா. என் வயசென்ன, அவ வயசென்ன! அஞ்சு மணி அடிச்சா போதும், பையை மாட்டிக்கிட்டு "வரேன்க்கா"ன்னு ஒரு ராகம் இழுப்பா. நிமிந்து பாத்தா ஆள் இருக்காது. எவன் காத்துக்கிட்டு நிக்கறானோ.

தையலும் கோணல். ஓரம் மடிச்சு அடிச்சிருக்காளா, பாம்பு போன தடம் போட்டிருக்காளான்னு தெரியலை. மே மாசம் முடியறவரைக்கும் பாருங்க, அப்புறம் நீங்க வேணும்னா வச்சுக்கலாம், வேண்டாம்னா அனுப்பிடலாம்னு மேனேஜர் என் தலைல கட்டிட்டார். எனக்கு முதல் நாளே உள்ளேர்ந்து சாமி சொல்லிடுச்சு, இவ சரிப்பட மாட்டான்னு. எனக்கு அப்படிச் சொல்லும். கும்பிடறப்போ சொல்லாது, பாத்திரம் தேய்க்கறப்போதான் சொல்லும்.

உன் மகன்கிட்ட பெரியம்மா கேட்டேன்னு சொல்லு.

உன் அக்கா

*

ஜனவரி 25

அக்கா,

நல்லா இருக்கேன். மூட்டு வலி அப்படியேதான் இருக்கு, அதுக்கும் என்னை விட்டா யார் இருக்கா. நீ மாத்திரையை ஒழுங்காப் போடு.

இங்க ரெண்டு விஷயம். எங்க கண் கிளினிக்கை ஜூலையோட மூடறார் டாக்டர். இத்தனை வருஷம் சுவத்துல எழுத்தைக் காட்டிக் காட்டி "இது தெரியுதா, இது தெரியுதா"ன்னு கேட்டாச்சு, இனிமே கேக்க ஆள் இல்ல. வீட்டுக்காரரும் அதே ஜூலைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டார். உப்புக் காத்துல ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடிச்சு உதிருது, இடிச்சுக் கட்டப்போறாராம். மகன் வீடு ஒரே ரூம். மருமக நல்லவ. நல்லவளாவே இருக்கட்டும்.

சுத்தி வளைக்காமக் கேக்கறேன்க்கா. நான் வந்து உன்கூட இருக்கட்டுமா?

அந்தப் பொண்ணைக் கொஞ்சம் பொறுமையாப் பாரு. புதுசில்ல.

பொடிசு

*

பிப்ரவரி 6

சாமி துணை.

அருமைப் பொடிசுக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. ஒரு எழுத்து விடாம படிச்சேன். நான் சுகம். இருமல் மட்டும் வந்து வந்து போகுது, வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி.

மூட்டு வலிக்கு என்னை விட்டா யார் இருக்கான்னு எழுதியிருந்தே பாரு, அதைப் படிச்சிட்டு ஊசிகிட்டயும் படிச்சுக் காட்டினேன், அவளும் சிரிச்சா. டாக்டர் கிளினிக்கை மூடறாரா? நல்ல மனுஷனாச்சே. வீட்டுக்காரனை விடு, கட்டடம் கட்டினவன் எவன் தூக்கிக்கிட்டுப் போனான். மருமக பத்தி நீ எழுதினது நூத்துக்கு நூறு. எட்டி இருந்தா எல்லாரும் இனிப்பு. எல்லாம் நல்லபடியா நடக்கும், சாமி பாத்துக்கும். கடல் கிட்ட குடியிருந்தா அப்படித்தான், இரும்பே உதிருது, மனுஷ உடம்பு என்னாகும்?

இந்தக் காத்தாடி கூட நேத்து கேக்கறா, "கடல் பாத்திருக்கீங்களாக்கா?"ன்னு. எனக்கு எங்கேர்ந்து கோபம் வந்துச்சோ தெரியலை. "அங்க என்னடி கெடக்கு, வெறும் தண்ணி. குடிக்கவும் ஆகாது, குளிச்சாலும் அரிக்கும். வேலையைப் பாரு"ன்னு கத்திட்டேன். ஊசி வாயைப் பொத்திக்கிட்டு, "தையலம்மா, கடல் உங்களை என்ன பண்ணுச்சு?"ங்கறா. இவளுக்கு வேற எல்லாத்துலயும் ஒரு நக்கல்.

தச்ச துணியைக் கட்டாக் கட்டி மேல ஒரு கலர் நாடா சுத்துவோம், யாரு தச்சதுன்னு தெரியறதுக்கு. எனக்கு வெள்ளை, ஊசிக்குப் பச்சை, அவளுக்குச் சிவப்பு. அவங்கவங்க மெஷின்லயே நாடாச் சுருள் தொங்கும். சிவப்பு நாடாவைப் பாத்தாலே எனக்குக் கை தானா சாக்பீஸைத் தேடுது. கோணல் இருக்கற எடத்துல பெருக்கல் குறி போட்டுப் பிரிக்கச் சொல்லுவேன். அவ மூஞ்சியைத் தூக்கறதும் இல்ல, அழறதும் இல்ல. "சரிக்கா"ன்னு உக்காந்து பிரிப்பா. அந்தச் "சரிக்கா" இருக்கே, அதுதான் இன்னும் எரியுது.

அளவு வெட்டின மிச்சத் துண்டுத் துணியெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த நீலப் பெட்டில போட்டு அமுக்கி வச்சிருக்கேன். மூடவே மாட்டேங்குது. குளிர்காலத்துக்கு ஒரு ஒட்டுப்போர்வை தச்சு உனக்கு அனுப்பறேன்.

வேற ஒண்ணும் விசேஷம் இல்ல.

உன் அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

நல்லா இருக்கேன். இருமலுக்கு வெந்நீர் குடி.

நீ என் லெட்டர்ல இருந்த எல்லாத்துக்கும் பதில் எழுதியிருந்தே, டாக்டர், வீட்டுக்காரர், மருமக, ஜன்னல் கம்பி வரைக்கும். ஒண்ணு விட்டுப்போச்சு.

ஒரு யோசனை. எதுக்கும் கண்ணைக் காட்டிக்க. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் கோடெல்லாம் வளைஞ்சு தெரியுதும்பாங்க, கண்ணாடி மாத்தினா நேராயிடும். உன் ஆஸ்பத்திரிலயே கண் டாக்டர் இருப்பாரில்ல. ஒரு பொண்ணோட பொழப்பு உன் கண்ணுல இருக்கு.

விட்டுப்போனதைக் கீழே மறுபடி எழுதறேன்.

நான் வந்து உன்கூட இருக்கட்டுமா?

பொடிசு

*

மார்ச் 3

சாமி துணை.

அருமைப் பொடிசுக்கு,

நலம். நீயும் நலமா இருக்கணும்னு கும்பிட்டுக்கறேன். உன் லெட்டரை டேபிள் மேல வச்சு நாலாவது வாட்டி படிக்கறப்போ டம்ளர் கை தட்டிக் கவுந்துடுச்சுடி. கீழ் வரியெல்லாம் மை கரைஞ்சு நீலமா ஓடிப்போச்சு. என்னமோ கேட்டிருந்தே. முக்கியமான விஷயமா இருந்தா மறுபடி எழுது.

கண்ணு விஷயத்துக்கு வரேன். நீ சொன்னியேன்னு காட்டினேன். டாக்டர் சின்னப் பையன், மீசை இப்பதான் முளைக்கலாமா வேண்டாமான்னு யோசிக்குது. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சேன். "தையலம்மா, உங்க கண்ணாடியே போதும். எனக்கே இவ்வளவு தெளிவாத் தெரியாது"ன்னுட்டார். ஆக, கோளாறு என் கண்ணுல இல்ல, அவ கையிலதான். நான் அப்பவே சொல்லலை?

ஆனா பாரு, ஊசி ஒரு குசும்பு பண்ணினா. நான் பெருக்கல் குறி போட்ட விரிப்பை எடுத்து டேப் வச்சு ஓரத்தை அளந்தா. இந்த முனையிலயும் அதே அளவு, அந்த முனையிலயும் அதே அளவு, நடுவுலயும் அதேதான். "டேப்புக்கு நேராத் தெரியுதே தையலம்மா"ங்கறா. "டேப்புக்கு என்னடி தெரியும், அது கடையில வாங்கினது. என் கண்ணு முப்பது வருஷமா பாக்குது"ன்னேன். சொல்லிட்டு மறுபடி பாத்தா, எனக்கு அப்பவும் கோணலாத்தான் தெரிஞ்சுது. சத்தியமாடி. பொய் சொல்லலை.

இன்னொண்ணு, உன்கிட்டதான் சொல்லுவேன். அவ சாயங்காலம் "வரேன்க்கா"ன்னு சொல்றா இல்ல, அப்போ எனக்கு வயித்துக்குள்ள யாரோ ஈரத்துணியைப் பிழியற மாதிரி இருக்கு. இப்பல்லாம் அஞ்சு மணிக்கு முன்னாடியே பாத்ரூம் பக்கம் போயிடறேன், காதுல விழக்கூடாதுன்னு. சாமிதான் எச்சரிக்கை பண்ணுது, ஏதோ கெட்டது வரப்போகுதுன்னு.

போன வாரம் என் மெஷின் பெல்ட்டு அறுந்துபோச்சு. அன்னைக்குக் காத்தாடி லீவு, அவ மெஷின்ல உக்காந்து தலையணை உறை பூராத்தையும் நானே முடிச்சேன். அந்த மெஷினும் அவளை மாதிரியே, மிதிச்சா நிக்காம ஓடுது.

உன் அக்கா

*

ஏப்ரல் 9

அக்கா,

நல்லா இருக்கேன். பதில் எழுத நாளாயிடுச்சு. எழுத உக்காருவேன், அப்புறம் எழுந்துடுவேன்.

இதைப் பென்சில்ல எழுதறேன். தண்ணி கொட்டினாலும் அழியாது.

எங்க கிளினிக்ல ஒரு அம்மா வருவாங்க. வலது கண்ணு சுத்தமாத் தெரியலைம்பாங்க. டாக்டர் எல்லா டெஸ்ட்டும் பண்ணிட்டார், கண்ணு நல்லா இருக்கு. வீட்ல அவங்களுக்கு வலது பக்கம்தான் மாமியார் படுக்கையாம். டாக்டர் சிரிக்கலை. "அந்தம்மா நடிக்கலை, அவங்களுக்கு நிஜமாவே தெரியலை"ன்னார். உன் லெட்டரைப் படிச்சதும் அவங்க ஞாபகம் வந்துச்சு.

நீ பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். உனக்குக் கோணலாத்தான் தெரியுது. ஆனா "வரேன்க்கா"ங்கற ஒரு வார்த்தைக்கு உன் வயிறு ஏன் பிழியணும்? ஊர்ல எல்லாரும் கிளம்பும்போது சொல்ற வார்த்தை. உன்கிட்ட அப்படிச் சொல்லிட்டுப் போனவங்க வேற யாராவது உண்டா?

யோசிச்சுப் பாரு. எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

மத்ததை மூணாவது வாட்டி கேக்கறேன். நான் வந்து உன்கூட இருக்கட்டுமா?

பொடிசு

*

ஏப்ரல் 16

தங்கச்சிக்கு,

லெட்டர் கிடைச்சுது. வேலை ஜாஸ்தி. எனக்கும் அந்தம்மா மாதிரி பைத்தியம்னு நினைக்கறே போலிருக்கு. என் கண்ணும் நல்லா இருக்கு, மனசும் நல்லா இருக்கு. அந்தப் பொண்ணு தையல் கோணல், அவ்வளவுதான்.

அக்கா

*

மே 28

சாமி துணை.

பொடிசு,

நீ ஒண்ணரை மாசமா எழுதலை. நானும் எழுதலை. உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கக்கூட வெக்கமா இருக்கு. ஆனா இதை உன்கிட்ட சொல்லாட்டி யார்கிட்ட சொல்லுவேன்.

நேத்து காலைல மேனேஜர் வந்தார். "என்ன தையலம்மா, முடிவு சொல்லுங்க. பொண்ணு இருக்கட்டுமா, போகட்டுமா?"ன்னார். காத்தாடி வார்டுக்குப் போயிருந்தா, ஊசியும் விரிப்பு குடுக்கப் போயிருந்தா. நான் வாயால சொன்னா அவருக்குப் புரியாதுன்னு அலமாரிலேர்ந்து சிவப்பு நாடாக் கட்டு ஒண்ணை உருவினேன். தலையணை உறை. ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டினேன். "இங்க பாருங்க சார், இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. இங்க கோணல். இங்க மடிப்பு ஏறி நிக்குது." சாக்பீஸை எடுத்துப் பெருக்கல் குறியாப் போட்டேன் பாரு, ஆத்திரத்துல சாக்பீஸே முறிஞ்சுபோச்சு. அவருக்கு என்ன தெரியும், "நீங்க சொன்னா சரி"ன்னுட்டுப் போயிட்டார்.

மத்தியானம் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். அவ ரூமுக்கு வந்து மெஷினைத் துடைச்சா, எண்ணெய் விட்டா, துணி போட்டு மூடினா. பையை மாட்டிக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னா. நான் தலையைக் குனிஞ்சு, இதோ இப்ப ராகம் இழுக்கப்போறான்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"போறேன்க்கா"ன்னா.

பொடிசு, எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை. நாக்காலி பின்னால சாய எழுந்து, "போறேன்னு சொல்லாதேடி! வரேன்னு சொல்லு! வரேன்னு சொல்லிட்டுப் போ!"ன்னு கத்தினேன். வராண்டால போன நர்ஸெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. இத்தனை நாள் எந்த வார்த்தையைக் கேக்கக் கூடாதுன்னு பாத்ரூமுக்கு ஓடினேனோ, அதையே பிச்சை கேக்கறேன். அவ என்னைப் பாத்தா. அதைச் சொல்லாமலே போயிட்டா. நான் மெஷின் மேல தலையை வச்சு அழுதேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

அப்போ ஊசி வந்தா. டேபிள் மேல கெடந்த உறையைப் பாத்துட்டு, "ஐயையோ தையலம்மா, உங்க வேலையை எந்தப் படுபாவி இப்படிக் கிறுக்கி வச்சான்?"னா.

"எது என் வேலை?"ன்னேன்.

"இது யாரு முடிப்பு? மூலையில மூணு வாட்டி திருப்பி அடிச்சு, நூலைப் பல்லால கடிச்சிருக்கு. இந்த ஆஸ்பத்திரில வேற யாரு நூலைக் கடிக்கறா?"

பெல்ட்டு அறுந்த அன்னைக்கு அவ மெஷின்ல உக்காந்து தச்சேனே, அந்தக் கட்டு. எதிர்ல தொங்கின சிவப்பு நாடாவை யோசிக்காம எடுத்துச் சுத்தியிருக்கேன். நானே தச்சது. நான் பெருக்கல் குறி போட்டதெல்லாம் என் கை மேலயே போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் உறையைத் திருப்பிப் பாத்தா, கோணலே இல்லடி. கோடு கிழிச்ச மாதிரி நேரா இருக்கு. அதே கண்ணு, அதே கண்ணாடி.

மேனேஜர்கிட்ட ஓடினேன். எல்லாம் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "அப்போ யாரைத்தான் அனுப்பறது தையலம்மா?"ன்னார். "என் கண்ணை அனுப்புங்க சார்"னேன். "கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னதாச் சொன்னீங்களே?" "அதுதான் சார் வம்பே"ன்னேன். அப்புறம் நிஜமாவே கெஞ்சினேன். சரி, நாளைக்கே வரச் சொல்லுங்கன்னார்.

ஊசிகிட்ட விலாசம் கேட்டுக்கிட்டுச் சாயங்காலம் அவ வீட்டுக்குப் போனேன். மாடி வீடு, குறுகலான படி. பாதி படியில மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறேன், மேல கதவு திறக்குது. அவளை மாதிரியே ஜாடை, கொஞ்சம் பெரியவ. தோள்ல பை, ஒரு கால்ல செருப்பு, இன்னொண்ணைத் தேடிக்கிட்டே உள்ள திரும்பிச் சொல்றா, "அம்மாவுக்கு மருந்து குடுத்துட்டேன்டி. வரேன்."

உள்ளேர்ந்து காத்தாடி குரல். "நீ போயிட்டு வாக்கா. நான் இருக்கேன்."

அவ அம்மா படுத்த படுக்கைடி. பகல்ல அக்கா பாத்துக்கறா, சாயங்காலம் அவளுக்கு நர்ஸ் வகுப்பு. இவ அஞ்சு மணிக்கு ஓடினது எவனையும் பாக்க இல்ல. அக்காவை அனுப்பி வைக்க.

நான் படியிலயே உக்காந்துட்டேன். கீழே இறங்கி வந்த பெரியவ, "யாரும்மா, உடம்பு முடியலையா?"ன்னு கேட்டா. "ஒண்ணும் இல்லம்மா. நீ வகுப்புக்குப் போ, லேட்டாகுது"ன்னேன்.

காத்தாடிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புன்னு ஆரம்பிச்சு வேற எங்கயோ போயிட்டேன். "நாளைக்குச் சாயங்காலம் கிளம்பும்போது ஒழுங்கா எப்பவும் சொல்றதைச் சொல்லணும், என்ன?"ன்னேன். அவ சிரிச்சா. அழுதுக்கிட்டே சிரிச்சா.

வீட்டுக்குத் திரும்பி நடக்கறப்போ என் வாய் தானா அதையே சொல்லிக்கிட்டு வந்துச்சு. நீ போயிட்டு வாக்கா, நான் இருக்கேன். நீ போயிட்டு வாக்கா, நான் இருக்கேன்.

நீ ஒண்ணு கேட்டிருந்தே, மூணு வாட்டி கேட்டிருந்தே. அந்தத் தண்ணி டம்ளர் தானாக் கவிழலை போலிருக்கு. இன்னைக்கும் பதில் எழுத வரலை. ஆனா மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன்.

அக்கா

*

ஜூன் 5

அக்கா,

நல்லா இருக்கேன். நீ மாத்திரை போட்டியா?

உன் லெட்டரைக் கடற்கரையில உக்காந்து படிச்சேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு பக்கத்தைக் காத்து அடிச்சிட்டுப் போயிடுச்சு, ஈர மணல்ல ஓடிப் பிடிச்சேன். மூட்டு வலி அப்போ எங்க போச்சுன்னு தெரியலை.

நான் வேலைக்குக் கிளம்பின அன்னைக்கு நீ வாசல்ல நின்னே. அம்மா உள்ள படுத்திருந்தா. உன் நீலப் பெட்டி கதவோரம் கட்டித் தயாரா இருந்துச்சு. "நான் போய் வேலையில சேந்துட்டு, முதல் லீவுல வந்து அம்மாவைப் பாத்துக்கறேன். அப்போ நீ போய்க் கடலைப் பாத்துட்டு வா"ன்னு சொன்னேன். பஸ்ஸு ஹாரன் அடிச்சுது. "வரேன்க்கா"ன்னு சொல்லிட்டு ஓடினேன். சொல்லும்போது நிஜமாத்தான் சொன்னேன். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளை. அம்மா போனப்போதான் வந்தேன். அப்பவும் அந்தப் பெட்டி அங்கயேதான் இருந்துச்சு. நான் அதைப் பாக்காத மாதிரி தாண்டிப் போனேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதினா நீ உடனே "அதெல்லாம் ஒண்ணுமில்லடி"ன்னு எழுதிடுவே. அதனால கேக்கலை. உனக்குக் கோபம் இருந்தா இருக்கட்டும். ஒருத்தி மேல இருக்கறதை இன்னொருத்தி தலையில இறக்காம, என்கிட்டயே அனுப்பு.

வந்து இருக்கட்டுமான்னு இனிமே கேக்க மாட்டேன். வேற ஒண்ணு கேக்கறேன், இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடக் கேக்காதது. அந்தப் பெட்டியில என்னக்கா வச்சிருந்தே?

பொடிசு

*

ஜூன் 14

சாமி துணை.

அருமைப் பொடிசுக்கு,

நான் நலம். நிஜமாவே நலம். மாத்திரையும் போட்டேன். வயிறு இப்பல்லாம் பிழியறதில்ல. அஞ்சு மணிக்கு எங்கயும் ஓடாம என் எடத்துலயே உக்காந்திருக்கேன். அவ "வரேன்க்கா"ங்கறா, "ஓடுடி, அக்கா காத்திருப்பா"ங்கறேன்.

இத்தனை மாசமா சாமி உள்ளேர்ந்து பேசுதுன்னு உனக்கு எழுதினேனே, அது சாமி இல்லடி. அது நான்தான். சாமி குரல்ல நானே பேசி, நானே கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன். சாமி பாவம், அது வாயே திறக்கலை. இப்போ பாத்திரம் தேய்க்கறப்போ ஏதாவது தோணினா, "இது யாரு, நீயா நானா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.

நீ கேட்டேன்னு பெட்டியைக் கவுத்தேன். துண்டுத் துணி வீடு பூரா மலையாக் குமிஞ்சு, பூனை வந்து மேல படுத்துக்கிச்சு. அடியில எல்லாம் அப்படியே இருக்கு. ரெண்டு மாத்துத்துணி, இப்போ என் ஒரு கைகூட நுழையாது. ஒரு சீப்பு. அப்புறம் ஒரு காலி மருந்து பாட்டில், தக்கை போட்டது. அதைப் பாத்ததும்தான் ஞாபகம் வந்துச்சு. கடல் தண்ணி பிடிச்சிட்டு வந்து அம்மாவுக்குக் காட்டணும்னு வச்சிருந்தேன். அவளால எழுந்து வர முடியாதே. நீலமா இருக்குமாம்டி, பாட்டில்ல பிடிச்சாலும் நீலமாவே இருக்கும்னு நான் நம்பினேன். இவ்வளவுதான் பெட்டியில. இதுக்குத்தான் இத்தனை வருஷம் கடலைத் திட்டித் தீத்திருக்கேன். எட்டாத பழம் புளிக்கும்னு நரி சொன்ன கதைதான்.

கோபம் போயிடுச்சான்னு கேக்காதே. பாதி இருக்கு. "அதெல்லாம் ஒண்ணுமில்லடி"ன்னு எழுத வந்த கையை நானே பிடிச்சு நிறுத்திட்டேன். நிறைய இருக்கு. அம்மாவைத் தூக்கித் தூக்கி என் முதுகு போனது இருக்கு. உன் லெட்டர்ல கடல் கடல்னு நீ எழுதினப்போ எல்லாம் எனக்கு ஆன எரிச்சல் இருக்கு. எல்லாத்தையும் நேர்ல சொல்றேன், லெட்டர்ல எழுதினா தபால் ஸ்டாம்பு பத்தாது.

உன் கேள்விக்குப் பதில். வா. வந்து இரு. ஜன்னலோரக் கட்டில் உனக்கு. சமையல்கட்டு மட்டும் என்னோடது, அங்க வந்து "உப்பு கம்மி"ன்னு மூக்கை நுழைச்சே, அடுத்த பஸ்ஸுல திருப்பி அனுப்பிடுவேன்.

ஆனா இப்ப வராதே. ஜூலை கடைசி வரைக்கும் அந்த வீடு உன்னோடதுதானே? மேனேஜர்கிட்ட லீவு கேட்டாச்சு. "நீங்க இல்லாம தையல் ரூம் என்னாகும்?"ன்னு இழுத்தார். நான் பதில் சொல்றதுக்குள்ள, மெஷின்லேர்ந்து தலையைத் தூக்காமலே காத்தாடி சொன்னா, "நீங்க போயிட்டு வாங்கக்கா. நாங்க இருக்கோம்." ஊசிகூடத் தலையாட்டினா, பாத்துக்கோ. அப்புறம் பக்கத்துல வந்து, "தையலம்மா, கடல்கிட்டப் போய் கோணலா இருக்குன்னு சாக்பீஸ் போட்டுடாதீங்க"ங்கறா.

ஒட்டுப்போர்வை தச்சு அனுப்பறேன்னேன். அனுப்பலை, கையில கொண்டுவரேன். இன்னும் பாதிதான் ஆகியிருக்கு, மீதியை அங்க உக்காந்து தைக்கலாம். சிவப்பு நாடாவும் ரெண்டு முழம் எடுத்து வச்சிருக்கேன், ஓரத்துக்கு. பெட்டியை மறுபடி கட்டிட்டேன். தாழ்ப்பாள் துருப்பிடிச்சிருக்கு, கயிறு போட்டு இறுக்கியிருக்கேன். பாட்டிலைத் தேச்சுக் கழுவித் துணிக்கு நடுவுல வச்சிருக்கேன். பாட்டில்ல பிடிச்சா தண்ணி நீலமா இருக்காதுன்னு இப்போ எனக்குத் தெரியும். இருந்தாலும் பிடிக்கணும்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லு. மூட்டு வலிச்சா உக்காந்திரு, நான் தேடிக்கறேன்.

வரேன்டி.

அக்கா